பெயரை மாற்றிப் பெயர் பெற்றவர்

இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த வீரமாமுனிவரின் கதை

குடகு மலையிலே பிறக்கிறது காவிரி. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு என்ற இடத்துக்கு வரும் வரையில் அதற்குக் காவிரி என்றே பெயர். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே ஓடும் கிளை காவிரியாகவே இருக்கிறது. வடக்கே ஓடும் கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் தீவாக இருக்கிறது ஸ்ரீரங்கம்.

தண்ணீர் ஒன்றுதான். பெயர்தான் வேறு!

கொள்ளிடத்துக்கு வடக்கே, தொலைவில், பச்சைமலை இருக்கிறது. அந்த மலையிலே பிறக்கும் மருதையாறு, பெரம்பலூர், அரியலூர்ச் சீமைகளைக் கடந்து வந்து கொள்ளிடத்தில் சேருகிறது. சேர்ந்த பிறகு அதை மருதையாறு என்று யாரும் சொல்வதில்லை. கொள்ளிடம் என்றே சொல்கிறார்கள்.

இந்தக் கொள்ளிடத்தின் வடகரைப் பக்கத்தில் ஏலாக்குறிச்சி என்ற ஊர் இருக்கிறது. முன்பு திருச்சி ஜில்லாவில் இருந்த ஊர். இப்போது அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்னால் அந்த ஊருக்கு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வந்து தங்கினார். அவரும் இந்த ஆற்றைப் போன்றவர்தான். வந்த இடத்தில் அவருடைய பெயர் மாறியது. ஒரு தடவை அல்ல, பல தடவை!

பிறந்தபோது இட்ட பெயரைச் சொன்னால் இன்று தமிழ்நாட்டில் பலருக்கு அவரைத் தெரியாது. மாறிய பெயரைச் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அவர்தான் வீரமாமுனிவர்.

இத்தாலியில் பிறந்தார்

இத்தாலி தேசத்தில் மாந்துவா நகரத்துக்கு அருகில் காஸ்டிக்லியோனே என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கொஸ்தான்சோ ஜுசெப்பே. குடும்பப் பெயர் பெஸ்கி.

கொஸ்தான்சோ என்றால் மன உறுதி உடையவன் என்று அர்த்தம். ஜுசெப்பே என்பது யோசேப்பு என்ற பெயரின் இத்தாலிய உருவம். ஏசுநாதரை வளர்த்த தந்தையின் பெயர் அது. தமிழ்நாட்டில் சூசையப்பர் என்று சொல்லுகிறார்களே, அவர்தான். இந்த இரண்டு பெயர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை முழுவதும் இவை திரும்பத் திரும்ப வரும்.

1698-ல் அவர் இயேசு சபையில் சேர்ந்தார். படித்துக் குருப்பட்டம் பெற்றார். தமிழ்நாட்டுக்குப் போய்ச் சமயப் பணி செய்ய விரும்பினார். போர்ச்சுக்கல் தேசத்தின் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறி, 1710-ல் கோவாவில் இறங்கினார். 1711-ல் தமிழ்நாட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 30.

பிறந்த நாட்டுக்கு அவர் மறுபடி போகவே இல்லை.

பெயர் ஏன் மாறுகிறது?

பெயரை மாற்றிக் கொள்வது நம் நாட்டில் புதிய விஷயம் அல்ல. வீட்டைத் துறந்து சந்நியாசி ஆகிறவர் பழைய பெயரையும் துறந்துவிடுகிறார். பழைய வாழ்வு முடிந்தது, புது வாழ்வு தொடங்கியது என்பதற்கு அது அடையாளம்.

ஸ்ரீரங்கத்தில் நெடுங்காலம் வாழ்ந்த ராமானுஜருக்கு எத்தனை பெயர்கள்! சிறுவயதில் அவர் இளையாழ்வார். துறவு பூண்ட பிறகு எதிராசர். ஸ்ரீரங்கத்தில் உடையவர். திருக்கோட்டியூர் நம்பி அவருக்கு எம்பெருமானார் என்ற பெயரைக் கொடுத்தார் என்பது வைணவர்களின் வழக்கு. ஒவ்வொரு பெயரும் அவருடைய வாழ்க்கையில் ஒரு படி.

குருநாதர் மாணவனுக்குப் பெயர் மாற்றுவதும் உண்டு. திருச்சியை அடுத்த அதவத்தூரில் 1815-ல் பிறந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவரிடம் தமிழ் படிக்க 1871-ல் ஒரு பையன் மாயூரத்துக்கு வந்தான். அவன் பெயர் வேங்கடராமன். வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் கேட்டார். வீட்டில் சாமிநாதன் என்று கூப்பிடுவார்கள் என்றான். இனி அதுவே இருக்கட்டும் என்றார் ஆசிரியர். அந்தச் சாமிநாதன்தான் பிற்காலத்தில் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி அச்சிட்ட உ.வே.சாமிநாதையர்.

பெஸ்கி பாதிரியாரின் பெயர் மாறியதற்கு வேறு காரணமும் இருந்தது.

பறங்கி என்ற சொல்

அந்தக் காலத்தில் ஐரோப்பியர்களைத் தமிழ்நாட்டு மக்கள் பறங்கி என்றார்கள். அது மரியாதையான சொல் அல்ல. மாட்டிறைச்சி தின்பவன், மதுக் குடிப்பவன், ஆசாரம் இல்லாதவன் என்றெல்லாம் அந்தச் சொல்லுக்குள் அர்த்தம் இருந்தது. பறங்கிப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், அவர் பேச்சைக் கேட்க யாரும் திண்ணையில்கூட உட்கார மாட்டார்கள்.

இதை முதலில் உணர்ந்தவர் ராபர்ட் டி நோபிலி என்ற இத்தாலியர். அவர் 1606-ல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தினார். புலால் உண்பதை நிறுத்தினார். தமிழும் வடமொழியும் படித்தார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1656-ல் மயிலாப்பூரில் காலமானார்.

அவருக்குப் பின் வந்தவர் ஜான் டி பிரிட்டோ. போர்ச்சுக்கல் நாட்டுக்காரர். அவர் அருளானந்தர் ஆனார். மறவர் சீமையில் ஓரியூர் என்ற இடத்தில் 1693-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி அவருடைய தலை வெட்டப்பட்டது. சாகும்போது அவர் அருளானந்தராகவே செத்தார்.

இப்படி வேற்று நாட்டுப் பழக்கங்களையும் பெயர்களையும் ஏற்பது சரியா என்று ஐரோப்பாவில் பெரிய சச்சரவு எழுந்தது. 1623-ல் போப்பாண்டவர் இதற்கு இடம் கொடுத்தார். ஆனால் புதுச்சேரிக்கு வந்த போப்பாண்டவரின் பிரதிநிதி 1704-ல் பல பழக்கங்களைத் தடுத்து ஆணை போட்டார். ஞானஸ்நானம் பெறுகிறவர்களுக்குப் புனிதர்களின் பெயர்களையே இட வேண்டும் என்பதும் அந்த ஆணையில் ஒன்று. சச்சரவு 1744 வரையில் நீடித்தது.

ஊர் மக்களுக்குப் பறங்கி என்று சந்தேகம். சொந்தச் சபையில் உள்ள சிலருக்கோ, இவர் நம்மவராகவே இருக்கிறாரா என்று சந்தேகம். இரண்டு சந்தேகங்களுக்கும் நடுவிலேதான் பெஸ்கி தமிழ்நாட்டில் கால் வைத்தார்.

தைரியநாதர்

வந்ததும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று பெயரை மாற்றிக்கொண்டது. கொஸ்தான்சோ என்றால் மன உறுதி அல்லவா? அந்த அர்த்தத்தையே தமிழ்நாட்டுப் பேச்சில் வைத்துத் தைரியநாதர் ஆனார்.

பெயருக்கு ஏற்ற சோதனையும் வந்தது. தென்பாண்டிச் சீமையில் காமநாயக்கன்பட்டி முதலிய ஊர்களில் அவர் வேலை செய்தார். வந்த சில ஆண்டுகளிலேயே பகைவர்களின் கையில் சிக்கினார். மரண தண்டனை வரையில் போய் உயிர் தப்பினார். ஆனாலும் நாட்டை விட்டு ஓடவில்லை. தைரியநாதர் என்ற பெயர் அவருக்குப் பொருந்தி விட்டது.

ஏலாக்குறிச்சிக்கு வந்த பிறகும் அவர் நடை உடை எல்லாம் தமிழ்நாட்டுக் குருமார்களைப் போலவே இருந்தன. காவி நிற ஆடை உடுத்துவார். புலித்தோலில் உட்காருவார். பல்லக்கில் போவார். அவருடைய பழைய வரலாற்றில் இப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

காவியை யாரும் உடுத்தலாம். பெயரையும் யாரும் மாற்றிக்கொள்ளலாம். அதனால் மட்டும் ஒருவர் தமிழர் ஆகிவிட முடியுமா? முடியாது. இது பெஸ்கிக்கும் தெரியும். ஆகவே அவர் ஏட்டை எடுத்தார்.

முப்பது வயதில் அரிச்சுவடி

பேச்சுத் தமிழ் கற்றுக்கொண்டால் பிரசங்கம் செய்துவிடலாம். பெரும்பாலான ஐரோப்பியர்கள் அதோடு நின்றுவிட்டார்கள். பெஸ்கி நிற்கவில்லை. முப்பது வயதுக்கு மேல் அகரம் தொடங்கி, இலக்கணமும் இலக்கியமும் முறையாகப் படித்தார். சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவர் அவருக்கு ஆசிரியராக இருந்தார் என்பார்கள்.

திருக்குறளைப் படித்தார். அதன் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீன் பாஷையில் மொழிபெயர்த்தார். பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். செய்யுள் தமிழுக்கு வேறோர் இலக்கணம் எழுதினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்தையும் ஒரே நூலில் அடக்கி 1730-ல் தொன்னூல் விளக்கம் எழுதினார்.

1732-ல் சதுரகராதி என்ற அகராதியைச் செய்தார். அதில் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள். முதல் பகுதிக்கே பெயர் என்றுதான் பெயர்! அதற்கு முன்னால் இருந்த நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு சொல்லுக்குப் பொருள் தேட வேண்டுமானால் பாட்டு முழுவதும் நினைவில் இருக்க வேண்டும். பெஸ்கி சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கினார். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் தாமே பார்த்துக்கொள்ளும்படி ஆயிற்று.

ஊருக்கும் பெயர்

பெயர் மாறிய பாதிரியார், மற்றவைகளுக்கும் தமிழ்ப் பெயர் சூட்டத் தொடங்கினார்.

ஏலாக்குறிச்சியில் மாதா கோயில் கட்டினார். அந்த மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர். அடைக்கலம் என்றால் யாருக்கும் விளங்கும். துன்பத்தில் ஓடி வந்தவனுக்கு இடம் கொடுப்பவள் என்று தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மாதா காவல் செய்யும் ஊர் என்பதால் ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்ற பெயரையும் சூட்டினார். அந்த ஊரின் மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார்.

விருத்தாசலத்துக்கு அருகில் கோணான்குப்பம் என்ற ஊரிலும் அவர் ஒரு கோயில் கட்டினார். அங்கே மாதாவின் பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் சிவன் கோயிலிலே அம்மனுக்கும் பெரியநாயகி என்ற பெயர் உண்டு. அந்தச் சீமையின் மக்களுடைய காதுக்குப் பழகிய பெயர் அது. கேட்டவுடன் கை கூப்பத் தோன்றும் பெயர்.

வேற்று நாட்டுச் சரக்கு என்று யாரும் ஒதுக்கிவிடக்கூடாது என்பது அவருடைய எண்ணம். அதற்குப் பெயர் முதலில் வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

சூசை வளன் ஆனார்

பெஸ்கியின் பெரிய நூல் தேம்பாவணி. 1726-ல் முடிந்தது. 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள். சூசையப்பரின் வரலாற்றைச் சொல்லும் காவியம் அது. தமிழ்நாட்டுக்கு வந்து பதினைந்தே ஆண்டுகளில் இதை முடித்தார்!

தேம்பாவணி என்ற பெயரிலேயே இரண்டு பொருள் இருக்கிறது. தேம்பா அணி என்று பிரித்தால் வாடாத மாலை. தேன் பா அணி என்று பிரித்தால் தேன் போன்ற பாட்டுகளால் ஆன அணிகலன்.

இந்தக் காவியத்தில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. கதை நடப்பது யூதர்களின் நாட்டில். பாத்திரங்களின் பெயர்கள் எல்லாம் எபிரேயப் பெயர்கள். தமிழ் வெண்பாவும் விருத்தமும் படித்துப் பழகிய காதுக்கு அந்தப் பெயர்கள் முள்ளைப் போல் உறுத்தும். என்ன செய்வது?

தம்முடைய பெயருக்குச் செய்த வைத்தியத்தையே அந்தப் பெயர்களுக்கும் செய்தார் பெஸ்கி. ஒலியை விட்டார். பொருளைப் பிடித்தார்.

யோசேப்பு என்ற பெயருக்கு எபிரேய பாஷையில், மேன்மேலும் பெருகச் செய்வார் என்பது பொருள். பெருகுவது வளம். ஆகவே சூசையப்பர் தேம்பாவணியில் வளன் ஆனார். யோவான் என்ற பெயருக்குக் கடவுள் அருள் புரிந்தார் என்பது பொருள். ஆகவே யோவான் கருணையன் ஆனார்.

வளன்! கருணையன்! எவ்வளவு தமிழான பெயர்கள்! திருச்சிப் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் தம் மகனுக்கு வைத்த பெயர்கள் போல இருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெஸ்கியின் பெற்றோர் அவருக்கு இட்ட இரண்டாவது பெயர் ஜுசெப்பே. அதுவும் யோசேப்புதான். தம்முடைய பெயருக்கு உரிய புனிதரைப் பற்றித்தான் அவர் 3,615 பாட்டுப் பாடினார். பெற்றோர் இட்ட பெயரை அவர் தூக்கி எறிந்துவிடவில்லை. அதைத் தமிழாக்கி, காவியத்தின் நடுவிலே வைத்துவிட்டார்.

பின்னால் வந்த தமிழர்களும் இதே வழியில் போனார்கள். 1870-ல் பிறந்த சூரியநாராயண சாஸ்திரியார், சூரியனைப் பரிதி ஆக்கி, நாராயணனை மால் ஆக்கி, சாஸ்திரியைக் கலைஞர் ஆக்கி, பரிதிமாற்கலைஞர் ஆனார். வேதாசலம் என்ற பெயர் உடையவர், வேதத்தை மறை என்றும் அசலத்தை மலை என்றும் மாற்றி, 1916 முதல் மறைமலையடிகள் ஆனார். பெயரின் பொருளை மாற்றாமல் பாஷையை மட்டும் மாற்றும் வித்தையை, அவர்களுக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்னாலேயே இத்தாலிக்காரர் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார்.

வீரமாமுனிவர் என்ற பெயரும் இப்படி வந்ததுதான். தைரியம் வீரம் ஆயிற்று. நாதர் மாமுனிவர் ஆனார். தேம்பாவணியைக் கேட்டு மகிழ்ந்த புலவர்கள் சூட்டிய பெயர் இது என்பது வழக்கு. தைரியநாதர் அவராக வைத்துக்கொண்ட பெயர். வீரமாமுனிவர் தமிழர்கள் கொடுத்த பெயர். கொடுத்த பெயர்தான் நிலைத்தது!

எழுத்தின் உருவமும் மாறியது

அந்தக் காலத்து ஓலைச்சுவடியைப் படிப்பது லேசான வேலை அல்ல. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே உருவம். ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரே உருவம். குற்றெழுத்துக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்து போகும். அதனால் புள்ளியை விட்டுவிடுவார்கள்.

எரி என்று எழுதியிருக்கிறதா, ஏரி என்று எழுதியிருக்கிறதா? முன்னும் பின்னும் படித்துப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டும். கொடியும் கோடியும் ஒன்று போலவே இருக்கும். நெருப்புக்கும் நீருக்கும் வித்தியாசம் தெரியாத எழுத்து!

வீரமாமுனிவர் இதற்கு ஒரு வழி செய்தார். நெட்டெழுத்துக்களுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். குறிலுக்கு ஒற்றைக் கொம்பு, நெடிலுக்குச் சுழித்த இரட்டைக் கொம்பு என்று இன்று பிள்ளைகள் எழுதுவது அவருடைய சீர்திருத்தத்திலிருந்து வந்த முறை.

ஏலாக்குறிச்சி என்ற பெயர் ஏகாரத்தில் தொடங்குகிறது. தேம்பாவணி என்ற பெயரிலும் இரட்டைக் கொம்பு வருகிறது. அவர் வாழ்ந்த ஊரின் பெயரையும், எழுதிய நூலின் பெயரையும் இன்று பிழை இல்லாமல் படிக்க முடிகிறது என்றால், அதற்கு அவரும் ஒரு காரணம். தினமும் பத்திரிகை படிக்கிற ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

ஐந்து மூடர்கள்

வீரமாமுனிவர் சிரிக்கவும் தெரிந்தவர். பரமார்த்த குருவின் கதையை எழுதியவர் அவர்தான்.

பரமார்த்தம் என்றால் மேலான உண்மை. அந்தப் பெயரை உடைய குருவுக்கோ உண்மை, பொய் எதுவுமே தெரியாது. அவருக்கு ஐந்து சீடர்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று பெயர்கள். ஐந்து பெயருக்கும் அர்த்தம் ஒன்றுதான்! தமிழில் முட்டாளுக்கு எத்தனை பெயர் உண்டு என்று அகராதிக்காரருக்குத் தெரியாதா?

ஆற்றைக் கடந்த பிறகு எல்லாரும் பத்திரமாக வந்துவிட்டோமா என்று ஒருவன் எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஓர் ஆள் குறைகிறது! அடுத்தவனும் அப்படியே எண்ணுகிறான். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று எல்லாரும் ஓவென்று அழுகிறார்கள். வழியில் போன ஒருவன் ஒவ்வொருவருக்கும் ஓர் அடி கொடுத்து எண்ணிக் காட்டிய பிறகே கணக்குச் சரியாகிறது.

தன்னையே மறந்துவிட்டு எண்ணினவன் மூடன் ஆனான். வேற்று நாட்டில், வேற்றுப் பெயரில், வேற்று உடையில் வாழ்ந்த வீரமாமுனிவரோ தம்மை ஒருநாளும் மறக்கவில்லை. தாம் எதற்காக வந்தோம் என்பதையும் மறக்கவில்லை.

இந்தக் கதை 1822-ல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயரால் மொழிபெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சாயிற்று.

திருச்சிக் கோட்டையில் வேறு பெயர்

1736-ல் திருச்சிக் கோட்டை சந்தா சாகிபு கையில் விழுந்தது. நாயக்கர் வம்சத்தின் கடைசி அரசி மீனாட்சியின் ஆட்சி முடிந்தது. புதிய நவாபின் ஆட்சியில் தம் மக்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று வீரமாமுனிவர் திருச்சிக்குப் போனார். நவாபோடு நேரில் பேச வேண்டும் என்பதற்காகப் பார்சியும் உருதுவும் கற்றுக்கொண்டார் என்று அவருடைய பழைய வரலாறு சொல்கிறது.

சந்தா சாகிபு அவரை மிகவும் மதித்தார். இஸ்மத் சந்நியாசி என்று அழைத்தார் என்பார்கள். தூய துறவி என்பது அதன் பொருள். ஒரு சொல் முஸ்லிம்களின் வழக்கு. மற்றொரு சொல் இந்துக்களின் வழக்கு. அந்தப் பெயரைச் சுமந்தவரோ கிறிஸ்தவர்!

புத்தகத்தில் பழைய பெயர்

ஐரோப்பியர்களுக்காக எழுதிய லத்தீன் நூல்களில் அவர் பழைய பெயரையே போட்டுக்கொண்டார். பேச்சுத் தமிழுக்கு அவர் எழுதிய இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அதில் இருப்பது பெஸ்கி என்ற பெயர்தான்.

தரங்கம்பாடி அச்சுக்கூடம் புராட்டஸ்டண்டு பாதிரிமார்களுடையது. அவர்களுக்கும் வீரமாமுனிவருக்கும் ஓயாத சண்டை. அவர்களைக் கண்டித்து வேத விளக்கம், பேதகமறுத்தல் முதலிய நூல்களை அவர் எழுதியிருக்கிறார். கடுமையாகவே எழுதினார். அப்படி இருந்தும் அவருடைய இலக்கணத்தை அவர்களே அச்சிட்டார்கள். மதத்தில் பகைவர், தமிழில் ஆசிரியர்!

கடைசி நாட்கள்

1741-ல் மராட்டியப் படை திருச்சிக் கோட்டையைப் பிடித்தது. சந்தா சாகிபுவைச் சிறைப்பிடித்துக் கொண்டு போனார்கள். அவருடைய நண்பராக இருந்த வீரமாமுனிவருக்கும் அந்தச் சீமையில் இருக்க முடியாமல் போயிற்று. கொள்ளிடக் கரையை விட்டுத் தெற்கே போனார். கடைசியில் மலையாள நாட்டில் திருச்சூர்ப் பக்கத்தில் உள்ள அம்பழக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே 1747-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி காலமானார். வயது 66. அருளானந்தரின் தலை வெட்டப்பட்டதும் ஒரு பிப்ரவரி 4-ந் தேதிதான்!

தமிழ்நாட்டில் அவர் வாழ்ந்தது முப்பது ஆண்டுகளுக்கு மேல். பிறந்த மண்ணிலும் அவருடைய உடல் இல்லை. பாடிய மண்ணிலும் இல்லை. பெயர் மட்டும் தமிழ்நாட்டில் தங்கிவிட்டது.

அவருடைய ஏடுகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. சென்னையில் அதிகாரியாக இருந்த எல்லிஸ் துரை, 1816-ல் முத்துசாமிப் பிள்ளை என்பவரை அனுப்பி அவற்றைத் தேடச் சொன்னார். அந்த எல்லிஸ் துரையும் தமிழில் மயங்கியவர். தம் பெயரை எல்லீசன் என்று எழுதிக்கொண்டவர்! ஏடுகளைத் தேடிப் போன முத்துசாமிப் பிள்ளை, 1822-ல் வீரமாமுனிவரின் வரலாற்றையும் எழுதினார்.

1968-ல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அப்போது கடற்கரையில் தமிழ்ப் பெரியவர்களுக்குச் சிலை வைத்தார்கள். அந்த வரிசையில் வீரமாமுனிவருக்கும் ஒரு சிலை எழுந்தது. இத்தாலியருக்கு இடம் கொடுத்தோம் என்று யாரும் நினைக்கவில்லை. தமிழ்ப் புலவருக்கு உரிய இடம் என்றே நினைத்தார்கள்.

நிலைத்த பெயர்

திருச்சி மலைக்கோட்டைக்கு அருகிலே ஒரு பழைய கல்லூரி இருக்கிறது. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு வந்தது. வீரமாமுனிவர் சேர்ந்திருந்த அதே இயேசு சபையார் நடத்தும் கல்லூரி. ஆங்கிலத்தில் செயின்ட் ஜோசப் கல்லூரி என்பார்கள். தமிழில் அதற்குத் தூய வளனார் கல்லூரி என்று பெயர்.

வளனார்! தேம்பாவணியில் வீரமாமுனிவர் வைத்த பெயர்!

இன்று தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வளன் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். அந்தப் பெயரை வைக்கும் தாய்க்கு அது இத்தாலியில் ஜுசெப்பே என்று இருந்த கதை தெரியாமல் இருக்கலாம். தெரிய வேண்டியதும் இல்லை. பெயர் தமிழ் ஆகிவிட்டது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை அதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறது. அது போதும்.

பெயரை மாற்றிக்கொள்வது எளிது. ஒரு நாளில் முடிந்துவிடும். மாற்றிய பெயருக்கு ஏற்றபடி வாழ்வதுதான் அரிது. கொஸ்தான்சோ தைரியநாதர் ஆனது ஒரு நாள் வேலை. தைரியநாதர் வீரமாமுனிவர் ஆவதற்கு வருஷக் கணக்கில் ஏட்டோடும் எழுத்தாணியோடும் உட்கார வேண்டியிருந்தது.

பச்சைமலையிலிருந்து இறங்கி வரும் மருதையாறு இன்றும் கொள்ளிடத்தில் கலக்கிறது. கலந்த பிறகு பெயர் மாறுகிறது. ஆனால் மலையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் வீணாவதில்லை. கொள்ளிடத்தின் பெயரோடு அது கடல் வரையில் போகிறது.